அரசாணையும் நாற்பது நிமிடமும்

2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 தொடக்கப் பள்ளிகளில் கரும்பலகை கீழே இறங்கியது. அதுவரை ஆசிரியரின் தலை உயரத்தில் ஒற்றைப் பலகையாக இருந்தது, சுவர் நெடுகத் தரையை ஒட்டிய கறுப்புப் பட்டையானது. பாயில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு குழந்தையும் தனக்கென ஒதுக்கிய இடத்தில் எழுதலாம். பெஞ்சுகள் வெளியே போயின. ஆசிரியரின் நாற்காலிக்கும் அவ்வளவாக வேலையில்லை. செயல்வழிக் கற்றல் என்று பெயரிடப்பட்ட இந்த முறை சில ஆண்டுகளிலேயே மாநகராட்சியின் 264 தொடக்கப் பள்ளிகளுக்கும், 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் சுமார் 37,000 பள்ளிகளுக்கும் பரவியது.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வி ஓய்ந்து நிற்கவில்லை. சமச்சீர்க் கல்வி, முப்பருவ முறை, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு, புதிய பாடநூல்கள், இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் என்று இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவதொரு மாற்றம் வந்துகொண்டே இருந்தது. எல்லாமே நல்ல நோக்கத்தோடு வந்தவைதான். ஆனால் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆசிரியர் பாடம் நடத்தத் தொடங்கியதும் அந்த நாற்பது நிமிடத்தில் எது மாறியது என்று பார்த்தால், ஒவ்வொன்றின் கதையும் ஒவ்வொரு மாதிரி. சில திட்டங்கள் கற்பித்தலையே புரட்டிப் போட்டன. சில, பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூட்டியதோடு நின்றன. திட்டத்தின் தத்துவம் எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, அது ஆசிரியரின் நேரத்தைக் கூட்டியதா, தின்றதா என்பதே பெரும்பாலும் இந்த வேறுபாட்டைத் தீர்மானித்திருக்கிறது.

ஏணியும் அட்டையும்

செயல்வழிக் கற்றலின் வேர் ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் இருக்கிறது. அங்குள்ள கிராமக் கல்வி மையம், ஓராசிரியர் பள்ளிகளில் பல வகுப்புக் குழந்தைகள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், அந்த நிலைமைக்கென்றே பாட அட்டைகளை உருவாக்கியிருந்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். திரும்பி வந்தவர்கள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். பின்னர் விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும் முறை மாநிலம் முழுதும் போனது.

அந்த வகுப்பறை இயங்கும் விதம் இப்படி. ஒரு பாடத்தின் முழு ஆண்டுப் பொருளும் சிறு சிறு படிகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையின் மூலையில் முயலோ மயிலோ ரயிலோ ஒரு சின்னப் படமும் ஓர் எண்ணும் இருக்கும். சுவரில் தொங்கும் கற்றல் ஏணியில் அதே படங்கள் வரிசையாக இருக்கும். இரண்டாம் வகுப்புக் குழந்தை காலையில் வந்ததும் சுயவருகைப் பதிவேட்டில் தானே வருகையைக் குறிக்கிறது. ஏணியில் நேற்று விட்ட இடத்தைப் பார்க்கிறது. தட்டில் தேடி அட்டையை எடுத்துக்கொண்டு, எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று அட்டையின் சின்னத்தைக் கொண்டே அறிந்துகொள்கிறது. குழுக்கள் ஆறு: ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் முழுமையாக உதவும் குழு, அவர் ஓரளவு உதவும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு. மதிப்பீட்டு அட்டையைச் சரியாகச் செய்தால் ஏணியில் அடுத்த படி. இல்லையென்றால் குறைதீர் அட்டை. வரைந்த படத்தையும் எழுதிய தாளையும் தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் குழந்தை தொங்கவிடும்.

இதனால் வகுப்பறையில் நடந்த முதல் மாற்றம் ஒலியில்தான். ஆசிரியர் ஒரு வரி சொல்ல, நாற்பது குரல்கள் அதையே திருப்பிச் சொல்லும் ராகம் போய்விட்டது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்த குழந்தை திரும்பி வந்தால், விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். பழைய முறையில் அந்த ஒரு வாரம் போனது போனதுதான், வகுப்பு அதற்காகக் காத்திராது. ஆசிரியரைக் கண்டு அஞ்சும் வழக்கமும் குறைந்தது. ஏனென்றால் அவர் பாயில், குழந்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெளிமாநிலங்களிலிருந்து அதிகாரிகளும் ஆசிரியர்களும் பார்க்க வந்தார்கள்.

ஆனால் இந்த முறை ஒன்றைக் கேட்டது: எந்நேரமும் விழிப்பாக இருக்கும் ஓர் ஆசிரியர். ஆறு குழுவில் எந்தக் குழந்தை உண்மையிலேயே கற்கிறது, எது அட்டையை வெறுமனே புரட்டுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபது குழந்தைகள் என்றால் முடியும். ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை கலந்து நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஈராசிரியர் பள்ளியில், இன்னொரு ஆசிரியரான தலைமையாசிரியர் வட்டாரக் கூட்டத்துக்குப் போயிருக்கும் நாளில், அது நடக்காத காரியம். சக மாணவர் உதவும் குழு என்பது கெட்டிக்காரக் குழந்தை மற்றவருக்கு விடையைச் சொல்லிவிடும் குழுவானது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஏணியின் நடுவில் ஓர் அட்டை காணாமல்போனால் அந்தப் படியில் வரும் குழந்தையெல்லாம் அங்கேயே நிற்கும். மாற்று அட்டை வட்டார வள மையத்திலிருந்து வரும்வரை ஆசிரியர் கையால் எழுதிச் சமாளிக்க வேண்டும். பெற்றோருக்கு வேறு கவலை: பையில் புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, பரீட்சை இல்லை, அப்படியானால் படிப்பு எங்கே? இந்தக் கேள்விக்குப் பள்ளிகள் தந்த விளக்கம் பலருக்குப் போதவில்லை. பக்கத்து ஊர் நர்சரிப் பள்ளி வேன் தெருவுக்குள் வரத் தொடங்கியிருந்த காலம் அது.

பின்னர் முறை எளிமையாக்கப்பட்டது. அட்டையோடு பாடநூலும் திரும்ப வந்தது. இன்றைக்குப் பல தொடக்கப் பள்ளிகளில் தாழ்மட்டக் கரும்பலகையின் மேல் சுண்ணாம்போ பெயிண்டோ பூசியாகிவிட்டது. ஆனாலும் பாயில் வட்டமாக உட்காருவதும், குழந்தையின் படைப்பைச் சுவரில் மாட்டுவதும், குழந்தைகளைக் குழுவாகப் பிரித்து வேலை கொடுப்பதும் ஆசிரியர்களின் கையோடு தங்கிவிட்டன. திட்டம் போன பின்னும் ஆசிரியரின் பழக்கத்தில் எஞ்சுவது எதுவோ, அதையே அந்தத் திட்டத்தின் நிகர லாபமாகக் கொள்ளலாம்.

கருத்தாளர் சொன்னது

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. ஆசிரியர் பாடத்தை அறிமுகம் செய்ய வேண்டும், மாணவர் தாமே படித்துப் புரியாத சொல்லை அடிக்கோடிட வேண்டும், பிறகு தனித்தனியாக மனவரைபடம் வரைய வேண்டும், குழுவில் அவற்றைச் சேர்த்துத் தொகுத்து வகுப்பின் முன் பேச வேண்டும், அதன்பின் வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல் என்று படிநிலைகள் போகும். எழுத்தில் படிக்கும்போது குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

மனவரைபடம் என்பது ஒரு மாணவர் பாடத்தைத் தன் மனத்தில் எப்படி அடுக்கிக்கொண்டார் என்பதன் படம். ஆகவே முப்பது பேர் வரைந்தால் முப்பது விதமாக இருக்க வேண்டும். பல வகுப்புகளிலோ ஆசிரியர் பலகையில் நடுவே ஒரு வட்டமும் சுற்றிலும் எட்டு கோடுமாக வரைந்துபோட, முப்பது நோட்டிலும் அதே வட்டமும் அதே எட்டு கோடும் இருந்தன. பார்வையிட வரும் அலுவலர் நோட்டைப் புரட்டி மனவரைபடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். பாடக்குறிப்பேட்டிலும் எல்லாப் படிநிலையும் எழுதப்பட்டிருக்கும்.

இதற்கு ஆசிரியரை மட்டும் குறைகூறுவது சரியாகாது. புதிய முறை அவரிடம் வந்து சேர்ந்த வழி அப்படி. மாநில அளவில் ஒரு குழுவுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்கிறார்கள். மாவட்டம் வட்டாரத்துக்கு, வட்டாரம் குறுவள மையத்துக்கு. ஐந்து நாள் பயிற்சி கீழே வர வர இரண்டு நாளாகி, ஒரு சனிக்கிழமைக் கூட்டமாகச் சுருங்கும். ஏன் இந்த முறை என்ற விளக்கம் முதல் இரண்டு படியிலேயே ஆவியாகிவிடும். கடைசியில் ஆசிரியர் கைக்கு வருவது என்னென்ன படிநிலை, எதை எங்கே எழுத வேண்டும் என்ற பட்டியல் மட்டும். அவர் அந்தப் பட்டியலை நேர்மையாக நிறைவேற்றுகிறார். ஒரு பாடவேளைக்குள் ஒன்பது பத்துப் படிநிலையை முடிக்க முடியாது என்பதும், ஆண்டு முடிவதற்குள் ‘போர்ஷன்’ முடித்தாக வேண்டும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

ஒரே புத்தகம்

2010இல் சட்டமாகி வந்த சமச்சீர்க் கல்வி கற்பித்தல் முறையைப் பற்றிய சீர்திருத்தம் அல்ல. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்குவதே அதன் நோக்கம். முனைவர் ச. முத்துக்குமரன் குழுவின் பரிந்துரைகள் அதற்கு அடிப்படை. 2010-11இல் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் அதை நிறுத்திவைக்கச் சட்டத் திருத்தம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்ட் 9 அன்று சமச்சீர்க் கல்வி தொடர வேண்டும் என்று தீர்ப்பானது. ஜூனில் பள்ளி திறந்தும் ஆகஸ்ட் வரை கையில் புத்தகமில்லாமல் மாநிலத்தின் பெரும்பாலான மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டு மாதங்களில் ஆசிரியர்கள் இலக்கணமும் வாய்ப்பாடும் கையெழுத்துப் பயிற்சியும் நடத்தி ஓட்டினார்கள்.

புத்தகம் ஒன்றானதால் கற்பித்தல் ஒன்றாகிவிடவில்லை. அதே பாடத்தைத் தனியார் பள்ளி ஒரு விதமாகவும் அரசுப் பள்ளி இன்னொரு விதமாகவும் நடத்தின. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டபோது இந்த வேறுபாடு ஒரே பள்ளிக்குள்ளும் நுழைந்தது. கூடுதல் ஆசிரியர் இல்லாத இடங்களில் தமிழ்வழிக் குழந்தையும் ஆங்கிலவழிக் குழந்தையும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு வாக்கியத்தை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வாசித்துவிட்டுத் தமிழில் விளக்குவார். இரண்டு பிரிவுக்கும் அதுவே பாடம்.

மதிப்பெண்ணின் வேலை

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடு கட்டாயமானது. தமிழ்நாடு அதை 2012-13இல் முப்பருவ முறையோடு சேர்த்து எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்தது. ஆண்டுப் பாடம் மூன்றாகப் பிரிந்து, புத்தகமும் மூன்றானது. ஒரு பருவம் முடிந்தால் அந்தப் பாடம் முடிந்தது, அடுத்த தேர்வுக்குத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. முதுகில் பாரம் குறைந்ததும் மார்ச் மாதப் பயம் குறைந்ததும் மெய்யான நன்மைகள். 100 மதிப்பெண்ணில் 60 பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, 40 வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு.

அந்த 40தான் கற்பித்தலை மாற்றியிருக்க வேண்டியது. வளரறி மதிப்பீட்டின் தத்துவப்படி, ஒரு செயல்பாட்டில் குழந்தை தடுமாறினால் ஆசிரியர் மறுநாள் பாடத்தை அதற்கேற்ப மாற்றுவார். நடைமுறையில் நடந்தது வேறு. எழுதும் பயிற்சிக்கு இவ்வளவு, செயல்திட்டத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பெண் பதிய வேண்டியிருந்தது. ஐந்து பாடம், முப்பது குழந்தைகள், பருவத்துக்குப் பல செயல்பாடுகள் என்று பெருக்கிப் பார்த்தால் கணக்கு புரியும். செயல்திட்டம் என்றால் தாளில் படம் ஒட்டி வருவது என்று ஆயிற்று. அந்தப் படங்களை ஸ்டேஷனரி கடைகள் ‘சார்ட்’ ஆக அச்சடித்தே விற்றன. பருவ முடிவில் 40க்கு 36, 37, 38 என்று எல்லாருக்கும் விழுந்தது. எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் என்றால், யாருக்கு என்ன தெரியவில்லை என்பதை அது சொல்லாது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த கதை அல்ல. ஹரியானாவில் தொடர் மதிப்பீட்டு முறையைச் சில பள்ளிகளில் நடைமுறைப்படுத்தி, சில பள்ளிகளில் விட்டு, இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு நடந்தது. மாணவரின் கற்றலில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்பதே முடிவு. அதே ஆய்வில், குழந்தைகளை வகுப்பு வாரியாக அல்லாமல் தற்போதைய திறன் வாரியாகப் பிரித்து, அதற்கென்று நாளில் தனி நேரம் ஒதுக்கிக் கற்பித்த பள்ளிகளில் மொழித் திறன் முன்னேறியது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளுக்குத் தரமதிப்பீடு செய்து, மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்த முயற்சியும் இதே போலத்தான் முடிந்தது. திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டன. ஆசிரியரின் வருகையிலோ கற்பித்தலிலோ மாணவரின் கற்றலிலோ மாற்றம் ஏதும் தென்படவில்லை. இருந்தும் அது வெற்றித் திட்டமாகக் கருதப்பட்டு மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோகப்பட்டது. காகிதத்தில் அது வெற்றிதான்.

மேல் வகுப்புகளில் நிலைமை தலைகீழ். அங்கே கற்பித்தலை நடத்துவது பாடத்திட்டமோ பயிற்சியோ அல்ல, வினாத்தாள். நெடுங்காலம் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ‘ப்ளூபிரிண்ட்’ இருந்தது. எந்த அலகிலிருந்து எத்தனை ஒரு மதிப்பெண் வினா, எத்தனை ஐந்து, எத்தனை பத்து என்று முன்கூட்டியே தெரியும். அதை வைத்து எந்த அலகை அப்படியே விட்டுவிடலாம் என்று கணக்குப் போடுவது ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. பாடத்தின் பின்பக்க வினாக்களுக்கு விடை எழுதவைத்து, அதையே திரும்பத் திரும்பத் தேர்வாக வைத்தால் ‘சென்டம்’ வாங்க வைக்கலாம். தேர்ச்சிக்கே தடுமாறும் பிள்ளைகளுக்கு, அலுவல் மொழியில் மெல்லக் கற்போருக்கு, குறைந்தபட்சக் கற்றல் கையேடு என்று இருபது முப்பது பக்கத்தில் ஒன்று. தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியிருக்கும் வரை, அந்தப் பள்ளி ஆசிரியரிடம் போய்க் குழு விவாதம் நடத்தச் சொல்வது வீண்.

இந்த முடிச்சில் கைவைத்தவை 2017ஆம் ஆண்டின் மாற்றங்கள். செங்கோட்டையன் கல்வி அமைச்சராகவும் உதயச்சந்திரன் பள்ளிக் கல்விச் செயலராகவும் இருந்த அந்த ஆண்டில் மாநில ரேங்க் அறிவிப்பு நிறுத்தப்பட்டது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. மேல்நிலையில் மொத்த மதிப்பெண் 1200இலிருந்து 600 ஆனது. மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் எழுதப்பட்ட புதிய பாடநூல்கள் 2018-19இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளில் முதலில் வந்தன. கியூஆர் குறியீடு, வண்ணப் படம், செயல்பாடு என்று அவை முந்தையவற்றைவிட எல்லா வகையிலும் உயர்ந்த புத்தகங்கள். ப்ளூபிரிண்டும் போனது. பாடத்தின் எந்த வரியிலிருந்தும் வினா வரலாம் என்ற நிலை வந்தது.

பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குக் காரணம் எளிது. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல், இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை மாவரைப்பதுபோல அரைத்துக்கொண்டிருந்தன. அங்கே படித்தவர்கள் கல்லூரியில் முதலாண்டிலேயே திணறினார்கள். நீட் வந்த பிறகு பதினோராம் வகுப்பு இயற்பியலும் உயிரியலும் இல்லாமல் முடியாது என்பதும் வெளிச்சமானது. தேர்வு வந்ததும் பாடம் நடத்தப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. எந்தப் பயிற்சிக்கும் சுற்றறிக்கைக்கும் அசையாத பள்ளிகளை ஒரு தேர்வு ஒரே ஆண்டில் அசைத்தது. ஆனால் விலையும் இருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தொடர்ந்து மூன்று ஆண்டும் பொதுத்தேர்வு. புத்தகமும் கனத்தது. இரண்டு தொகுதிப் பாடநூலை ஜனவரிக்குள் முடித்துத் திருப்புதல் தேர்வுக்குப் போக வேண்டிய ஆசிரியர், அதிலிருக்கும் செயல்பாடுகளைத்தான் முதலில் கைவிடுவார். புதிய கற்பித்தலுக்காக எழுதப்பட்ட புத்தகத்தை அதன் பருமனே பழைய கற்பித்தலுக்குத் தள்ளியது. 2018 செப்டம்பரில், கல்லூரிச் சேர்க்கைக்குப் பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பதில்லை என்று அரசு அறிவித்தது. தேர்வு இருந்தது, அதன் பல் பிடுங்கப்பட்டது.

மாலை ஐந்து மணி வகுப்பு

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் வீட்டுப்பாடமும் இருந்தன என்றாலும், ஒன்றாம் வகுப்பை வகுப்பறையிலேயே பார்க்காத ஒரு குழந்தை இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார இருந்தது. பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஊரிலேயே படித்த தன்னார்வலர், பெரும்பாலும் இளம்பெண்கள், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம் தெருத் திண்ணையிலோ சமுதாயக் கூடத்திலோ இருபது குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பாடமும் விளையாட்டுமாக நடத்துவார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. உச்சத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் இருந்தார்கள்.

இதன் விளைவை அளக்க ஒரு நல்ல வாய்ப்பு அமைந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் 2019இலேயே குழந்தைகளின் கற்றல் நிலையைச் சோதித்திருந்தார்கள். பள்ளி திறந்தபின் அதே ஊர்களில் சுமார் 19,000 குழந்தைகளை மீண்டும் சோதித்தபோது, முன்பு அதே வயதில் இருந்த குழந்தைகளைவிடக் கணக்கிலும் தமிழிலும் பெரிய பின்னடைவு தெரிந்தது. கணக்கில் கூடுதல். ஆனால் ஆறு மாதத்துக்குள் அந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகியிருந்தது. அப்படி ஈடானதில் 24 விழுக்காடு மாலை வகுப்புகளால் விளைந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஏழைக் குழந்தைகள்தான் அதிகம் இழந்திருந்தார்கள். மீட்சியிலும் அவர்களே வேகமாக வந்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர், படிப்பு முடித்து வீட்டிலிருந்த பெண்கள் இதைச் செய்தார்கள். அவர்களிடம் நிரப்ப வேண்டிய பதிவேடும் குறைவு, முடிக்க வேண்டிய போர்ஷனும் இல்லை. எதிரே இருந்தவர்கள் இருபது குழந்தைகள் மட்டுமே.

அங்கன்வாடிகளில் நடந்த இன்னொரு பரிசோதனையும் இதையே காட்டுகிறது. தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களிலுள்ள 320 மையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் முன்பருவக் கல்விக்கென்று ஒரு பகுதிநேரப் பணியாளரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். சத்துணவு, தடுப்பூசி, எடை பார்த்தல், பதிவேடு என்று அலையும் பழைய பணியாளருக்கு ஒரு கை கூடியது. குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் அந்தக் குழந்தைகள் தெளிவாக முந்தினார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது, ஏனென்றால் பழைய பணியாளருக்கு இப்போது அந்த வேலைக்கு நேரம் கிடைத்தது. பாடத்திட்டம் எதுவும் மாறவில்லை.

அரும்பு, மொட்டு, மலர்

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும், செயல்வழிக் கற்றலின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். முதலில் மூன்றாம் வகுப்பு வரை, 2023-24 முதல் ஐந்தாம் வகுப்பு வரை. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. குழந்தைகள் அடைவுநிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரிக்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்து தெரியாத குழந்தைக்கு அரும்பு நிலைப் பயிற்சிநூல். வகுப்பறைக்குள் ஆடல் பாடல் களம், கதைக் களம், பொம்மலாட்டக் களம், வாசிப்புக் களம் என்று மூலைக்கு மூலை ஓரிடம். ஆசிரியர் கையேட்டில் நாள்வாரியாக என்ன செய்வது என்று விரிவாக எழுதியிருக்கிறது.

அந்த விரிவுதான் இந்தத் திட்டத்தின் பலமும் சிக்கலும். செயல்வழிக் கற்றல், முடிவைக் குழந்தையிடமும் ஆசிரியரிடமும் விட்டது. எண்ணும் எழுத்தும் அதைக் கையேட்டிடம் கொடுத்தது. புதிதாகப் பணிக்கு வந்தவருக்கும், ஐந்து வகுப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவருக்கும் இது பெரிய துணை. நாளை என்ன நடத்துவது என்று இரவில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டு அனுபவத்தில் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கும் ஆசிரியருக்கோ, இந்தப் பாட்டை இன்றைக்குத்தான் பாட வேண்டும் என்பது உறுத்தும். பயிற்சிக்குக் காணொளி, மாதிரி வகுப்பு என்று பலவும் நேரடியாகக் கிடைத்ததால், கருத்தாளர் வழியாகக் கசிந்து வரும் பழைய குறை ஓரளவு தீர்ந்தது.

நேரத்தைத் தின்றது மதிப்பீடு. வளரறி மதிப்பீடுகளைக் கைபேசிச் செயலியில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக நடத்தி, விடையைப் பதிவேற்ற வேண்டியிருந்தது. இணையம் விட்டுவிட்டு வரும் ஊரில் ஒரு குழந்தைக்குச் சோதனை நடத்தி முடிக்கும்வரை மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குக் கையேட்டில் பதில் இல்லை. மாணவர் வருகை, நலத்திட்டப் பொருள் வழங்கல், உடல்நலப் பரிசோதனை என்று எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் ஏற்கெனவே பதிய வேண்டியவை வேறு. தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் நடத்திய போராட்டங்களில் சம்பளக் கோரிக்கைகளோடு இணையவழிப் பதிவுகளிலிருந்து விடுவிக்கும் கோரிக்கையும் இடம்பெற்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேலைக்குத் தயங்குவதாகத் தோன்றலாம். காலை ஒன்பதரைக்குக் கைபேசியைக் கையில் எடுத்தால் முதல் பாடவேளை எங்கே போகிறது என்பது ஈராசிரியர் பள்ளியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் விளங்கிவிடும்.

தொடக்க வகுப்பில் விட்டது நடுநிலையில் தொடரும். ஆறாம் வகுப்பில் சேரும் குழந்தை தமிழ்ப் பத்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருந்தால், அறிவியல் ஆசிரியர் எந்த முறையில் நடத்தினாலும் அதன் காதில் ஏறாது. இதைக் கருதி 2025-26 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் திறன் என்ற திட்டம் வந்திருக்கிறது. அடிப்படைச் சோதனையில் பின்தங்கியவர்களை அடையாளம் கண்டு, தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றைத் தனியாகக் கற்பிப்பது அதன் வேலை. ஹரியானா ஆய்வில் பலன் தந்த வழியும் ஏறக்குறைய இதுவே. இங்கும் பட்டதாரி ஆசிரியரின் கால அட்டவணையில் அந்த நேரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பள்ளிக்குப் பள்ளி அதன் போக்கு வேறுபடும்.

2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. ஓய்வுபெற்ற நீதிபதி த. முருகேசன் தலைமையிலான குழு முந்தைய ஆண்டு அளித்த அறிக்கை அதற்கு அடிப்படை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பது இல்லை என்பது தொடர்கிறது. 2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பால் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்ட நாட்களை நினைத்தால் இது தெளிவான நிலைப்பாடு. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு அதே கல்வியாண்டிலிருந்து நீக்கப்பட்டது. இனி அது பள்ளியளவிலான தேர்வு. மேல்நிலை ஆசிரியருக்கு ஓராண்டு மூச்சுவிடக் கிடைத்திருக்கிறது. அந்த ஓராண்டில் அவர் ஆய்வகத்தைத் திறக்கலாம், புத்தகத்தின் செயல்பாடுகளுக்குத் திரும்பலாம். 2017க்கு முன் நடந்ததுபோல, ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்கச் சொல்லும் நிர்வாகத்துக்கும் இப்போது தடையில்லை. பதினோராம் வகுப்பில் எந்தப் பாடம் நடக்கிறது என்பதை இனி வினாத்தாள் காட்டிக் கொடுக்காது. பள்ளிக்கு நேரில் போய் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.